கம்பன் பாட்டில் வயல்வெளிச் சொற்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பராமாயணத்தின் பாலகாண்டத்தில் முதலில் வரும் ஆற்றுப்படலத்தையும் அடுத்து வரும் நாட்டுப்படலத்தையும் படிக்கத் தொடங்குகிறவர்கள் சொற்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். அகராதியைப் பார்த்தால் ஒரு சொல்லுக்கு எட்டுப் பொருள் இருக்கிறது, எதை எடுப்பது என்று தெரிவதில்லை. அந்தச் சொற்களில் பாதி இன்னும் திருச்சி, தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் வட்டாரங்களில் வயலில் இறங்கி நிற்பவர்களின் வாயில் இருக்கிறது. திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் இங்கே.

கம்பன் பாடியது கோசல நாட்டை. காவிரிப் படுகைச் சொற்களை வைத்து அதற்குப் பொருள் சொல்வது சரியா?

பாட்டில் ஓடுவது சரயு, வயலில் ஓடுவது காவிரி. கம்பன் ஊர் தேரழுந்தூர், இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்தில் குத்தாலத்துக்குப் பக்கம். கோசலத்தை அவன் நேரில் பார்த்ததற்குச் சான்று எதுவும் இல்லை. தன் கண்ணில் பட்ட மருதநிலத்தையே அங்கே கொண்டுபோய் விரித்தான். இது நம் ஊகம் மட்டும் இல்லை, அயோத்தியா காண்டத்தில் அவனே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறான். பரதன் இராமனைத் தேடிப் புறப்பட்டுக் கங்கைக்கரைக்கு வரும் இடத்தில், 'காவிரி நாடு அன்ன கழனி நாடு ஒரீஇ' என்கிறான் கம்பன். காவிரி நாட்டைப் போன்ற வயல்நாடாகிய கோசலத்தை விட்டு நீங்கி என்று பொருள்.

'ஒரீஇ' என்பதைப் பார்த்ததும் அச்சுப்பிழை என்று நினைத்துத் திருத்திவிடுகிறவர்கள் உண்டு. ஒருவுதல் என்றால் நீங்குதல். 'ஒருவி' என்னும் வினையெச்சம் செய்யுளில் 'ஒரீஇ' என்று நீண்டு நிற்கிறது. இலக்கணத்தில் இதற்குச் சொல்லிசை அளபெடை என்று பெயர். தழுவி என்பது 'தழீஇ' ஆவதும் இதே வழியில்தான். இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டால் இதுபோன்ற மற்றவை தானாகப் பிடிபடும்.

'வரம்பு எலாம் முத்தம்' பாட்டு முழுக்கப் புரியவில்லை. சொல்லுக்குச் சொல் பொருள் என்ன?

நாட்டுப்படலத்தின் புகழ்பெற்ற பாட்டு:

வரம்பு எலாம் முத்தம், தத்தும் மடை எலாம் பணிலம், மா நீர்க்
குரம்பு எலாம் செம்பொன்; மேதிக் குழி எலாம் கழுநீர்க் கொள்ளை;
பரம்பு எலாம் பவளம், சாலிப் பரப்பு எலாம் அன்னம், பாங்கர்க்
கரம்பு எலாம் செந்தேன். சந்தக் கா எலாம் களி வண்டு ஈட்டம்.

வரப்பெல்லாம் முத்து. நீர் தத்திப் பாயும் மடையெல்லாம் சங்கு. பெருநீரைத் தடுத்துக் கட்டிய செய்கரையெல்லாம் பொன். எருமை படுத்துப் புரளும் குழியெல்லாம் செங்கழுநீர்ப் பூ. பரம்படித்த இடமெல்லாம் பவளம். நெல் வயலின் பரப்பெல்லாம் அன்னம். பக்கத்தில் பயிரிடாமல் கிடக்கும் கரம்பெல்லாம் தேன். அழகிய சோலையெல்லாம் கள்ளுண்டு களித்த வண்டுக் கூட்டம்.

இதில் மூன்று இடத்தில் சறுக்கல் வரும். 'முத்தம்' இங்கே முத்து. வாயால் கொடுப்பதும் இல்லை, பேச்சுவழக்கில் வீட்டு முற்றத்தை முத்தம் என்கிறோமே, அதுவும் இல்லை. 'கொள்ளை' என்றால் மிகுதி. திருட்டுக்கும் இதற்கும் இங்கே தொடர்பு இல்லை, 'கொள்ளை அழகு', 'கொள்ளை ஆசை' என்று இன்றும் சொல்கிற அதே கொள்ளைதான். மூன்றாவது 'கா எலாம்' என்பது. கா என்றால் சோலை. இதைச் சேர்த்து எழுதி 'காவெலாம்' என்று பார்த்ததும் 'காவல்' என்று படித்துவிடுகிறார்கள்.

சாலி என்பது நெல்லில் ஒரு வகை, வடமொழியிலும் இதே சொல் உண்டு. மேதி என்றால் எருமை. பேச்சில் இப்போது மேதி இல்லை, அதனால் இது மட்டும் அகராதியின் துணையில்லாமல் புரியாது. ஈட்டம் என்றால் கூட்டம். ஈட்டுதல், அதாவது சேர்த்தல், என்ற வினையிலிருந்து வந்தது.

இந்தப் பாட்டை ஒருமுறை சத்தமாகப் படித்துப் பாருங்கள். வரம்பு, குரம்பு, பரம்பு, கரம்பு என்று அடிதோறும் எதுகை விழுகிறது. எதுகைக்காகத் தேடிப் பிடித்த சொற்களாக இருக்குமோ என்ற ஐயம் வரலாம். நான்குமே வயல்வேலையில் புழங்கும் சொற்கள். நான்கையும் தெரிந்தவனுக்குத்தான் இந்த எதுகை கிடைக்கும்.

குரம்பு என்பது என்ன? இப்போது அப்படி ஒன்று இருக்கிறதா?

இருக்கிறது. திருச்சி, கரூர்ப் பக்கம் காவிரியில் போடுகிற 'கொரம்பு' இதுதான்.

ஆற்றில் தண்ணீர் குறைந்து, வாய்க்கால் தலைப்பில் ஏறாமல் தாழ்ந்து ஓடும்போது, ஆற்றுக்குள் தற்காலிகமாக ஒரு தடுப்புக் கரை எழுப்புவார்கள். சவுக்குக் கழியையோ மூங்கிலையோ ஆற்று மணலில் வரிசையாக அடித்து இறக்குவார்கள். தழை, வைக்கோல், நாணல் போன்றவற்றை அதில் அணைத்து, மேலே மணல் கொட்டுவார்கள். இப்போது மணல் மூட்டைகளை அடுக்குகிறார்கள். நோக்கம் ஆற்றை நிறுத்துவது இல்லை. நீர்மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்தி, ஓட்டத்தை வாய்க்கால் வாய்ப்பக்கம் திருப்பிவிடுவதுதான். அதனால் ஓட்டத்துக்கு நேர் எதிராகக் கட்டாமல் சாய்வாகக் கொண்டுபோவார்கள். நேராகக் கட்டினால் அழுத்தம் முழுவதும் ஒரே இடத்தில் விழும், அடிமணல் அரித்துக் கரை சரிந்துவிடும். பெருவெள்ளம் வந்தால் கொரம்பு அடித்துக்கொண்டு போய்விடும். போகவும் வேண்டும், நின்றால் வெள்ளம் ஊருக்குள் ஏறும்.

குரம்பு எப்படிக் கொரம்பு ஆயிற்று? பேச்சுத் தமிழில் ஒரு விதி போலவே இது நடக்கிறது. சொல்லின் முதலில் உகரம் இருந்து அடுத்த எழுத்தில் அகரமோ ஐகாரமோ வந்தால், உகரம் ஒகரமாகத் திரியும். குடம் கொடம் ஆகிறது, உடம்பு ஒடம்பு ஆகிறது, குழம்பு கொழம்பு ஆகிறது. இகரமும் இப்படியே எகரமாகும்: இலை எலை, விலை வெலை. வயலில் கேட்ட ஒரு சொல்லை அகராதியில் தேடிக் கிடைக்கவில்லையென்றால், ஒகரத்தை உகரமாகவும் எகரத்தை இகரமாகவும் மாற்றித் தேடுங்கள். பெரும்பாலும் கிடைத்துவிடும்.

இந்தப் பொருள் தெரிந்தால்தான் 'மாநீர்க் குரம்பெலாம் செம்பொன்' என்பதன் அழகும் தெரியும். தடுப்பில் மோதி ஓட்டம் மட்டுப்படும்போது, ஆறு தூக்கிவந்த வண்டலும் மணலும் அங்கேதான் படியும். ஆற்றோடு வந்த பொன்துகளும் அங்கே தங்கும் என்கிறான். 'குரம்பு - ஒரு வகை அணை' என்று மட்டும் எழுதிவிட்டுப் போகும் உரைகளில் இந்த நுட்பம் கிடைக்காது.

வரம்பு, வரப்பு: இரண்டும் ஒன்றா?

ஒன்றுதான். கரும்பு 'கருப்பஞ்சாறு' என்பதிலும், இரும்பு 'இருப்புப்பாதை' என்பதிலும் மெல்லின ஒற்று வல்லினமாக மாறுவது போலத்தான் வரம்பு வரப்பு ஆயிற்று. பிறகு வரப்பு வயலுக்கும், வரம்பு 'எல்லை' என்ற பொதுப்பொருளுக்கும் என்று பிரிந்துவிட்டன. இப்போது யாரும் 'வரம்பில் நடந்து வா' என்று சொல்வதில்லை, 'வரப்பு மீறிப் பேசாதே' என்றும் சொல்வதில்லை. கம்பன் காலத்தில் ஒரே சொல் இரண்டு வேலையும் செய்தது. அவன் பாட்டில் வரம்பு வந்தால் வயலா எல்லையா என்று இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மடைக்கும் மதகுக்கும் என்ன வேறுபாடு?

மதகு என்பது கட்டுமானம்: கல்லும் காரையும் வைத்துக் கட்டி, பலகையோ இரும்புத் தகடோ இறக்கி ஏற்றுவது. மடை என்பது நீர் பாயும் திறப்பு. வரப்பை மண்வெட்டியால் இரண்டு வெட்டு வெட்டினால் அதுவே மடைதான். வாய்க்காலிலிருந்து வயலுக்குள் நீர் நுழையும் இடம் வாய்மடை, பேச்சில் வாமடை. பாசனத்தின் கடைசியில் இருக்கும் பகுதி கடைமடை. வழக்கமாக ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்த பிறகு டெல்டாவில் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, 'கடைமடைக்குத் தண்ணி வந்துடுச்சா?' என்பதுதான்.

'தத்தும் மடை' என்பதில் தத்துதல் குதித்துப் பாய்தல். வாய்க்கால் நீர்மட்டம் வயலைவிட உயரமாக இருக்கும்போதுதான் மடையில் நீர் தத்தும். நிறைந்த வாய்க்கால் என்பதை அந்த ஒரு சொல் காட்டிவிடுகிறது.

கோயில் மடைப்பள்ளியில் இருக்கும் மடை வேறு, அது சோறு, சமையல் என்னும் பொருளில் வரும். 'மடை' என்ற ஒரே தலைப்பில் அகராதி இரண்டையும் வரிசையாகப் போட்டிருக்கும், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பரம்பு என்பது பலகையா, நிலமா?

பலகையின் பெயரும் அதுதான், அந்தப் பலகை ஓடிய நிலத்தின் பெயரும் அதுதான். பரம்புதல் என்றால் பரவுதல். சேற்றைப் பரப்புவது பரம்பு.

நடவுக்கு முந்திய கடைசி வேலை இது. உழுது, தழை மிதித்து, சேறு குழைந்த பிறகு வயலில் நீரை மெல்லிசாக நிறுத்துவார்கள். நீர் அதிகம் நின்றால் மேடு எது பள்ளம் எது என்று கண்ணுக்குத் தெரியாது. நீரே இல்லையென்றால் பலகை சேற்றைக் கட்டியாக இழுத்துக்கொண்டு போகும். மாட்டில் பூட்டிய பலகையின் மேல் ஆள் ஏறி நின்று ஓட்டுவார்கள், மேடான இடத்தில் எடையை அழுத்துவார்கள். இப்போது டிராக்டருக்குப் பின்னால் கட்டி இழுக்கிறார்கள், பெயர் மட்டும் மாறவில்லை: பரம்படித்தல். சரியாகப் பரம்படிக்காத வயலில் பள்ளத்தில் நட்ட நாற்று மூழ்கி அழுகும், மேட்டில் களை முந்திக்கொள்ளும்.

கம்பன் சொல்லும் 'பரம்பு எலாம் பவளம்' என்பதைப் 'பரந்த இடமெல்லாம் பவளம்' என்று எழுதுவது தவறில்லை, ஆனால் மேலோட்டமானது. அடுத்தே 'சாலிப் பரப்பு' வருகிறது. ஒரே அடியில் பரம்பு, பரப்பு என்று இரண்டையும் வைத்தவன் இரண்டுக்கும் ஒரே பொருளை வைத்திருக்க மாட்டான். பரம்பு நடவுக்குத் தயாரான சேற்று வயல், பரப்பு நெல் வளர்ந்து நிற்கும் வயல்.

கரம்பும் கரம்பையும் ஒன்றா?

இல்லை. கரம்பு பயிரிடாமல் கிடக்கும் நிலம், தரிசு. கரம்பை என்று விவசாயிகள் இப்போது சொல்வது பெரும்பாலும் ஏரி, குளத்தின் அடியிலிருந்து அள்ளி வயலுக்குப் போடும் வண்டல் களிமண்ணை. ஒன்று வளமில்லாதது, இன்னொன்று வளம் சேர்ப்பது. கம்பன் பாட்டில் இருப்பது கரம்பு. பயிர் இல்லாத இடத்திலும் மரமும் பூவும் தேனும் இருக்கின்றன என்பதுதான் அங்கே கருத்து.

'ஆறு பாய் அரவம்' பாட்டில் வரும் அரவம், அமலை, தமரம், துழனி எல்லாம் ஒரே பொருள்தானா?

ஆறு பாய் அரவம், மள்ளர் ஆலை பாய் அமலை, ஆலைச்
சாறு பாய் ஓசை, வேலைச் சங்கின் வாய்ப் பொங்கும் ஓசை,
ஏறு பாய் தமரம், நீரில் எருமை பாய் துழனி, இன்ன
மாறு மாறு ஆகி, தம்மில் மயங்கும் மா மருத வேலி.

எல்லாம் ஒலியைக் குறிப்பவைதான். ஆனால் ஆற்றுக்கு ஒன்று, கரும்பு ஆலைக்கு ஒன்று, காளைச் சண்டைக்கு ஒன்று, நீரில் விழும் எருமைக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுத்திருக்கிறான். உரை எழுதும்போது எல்லாவற்றுக்கும் 'ஒலி' என்றே போட்டால் பாட்டு செத்துவிடும்.

அரவம் வடமொழி 'ரவ' என்பதிலிருந்து வந்தது. ரகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் அகரம் முன்னே சேர்ந்தது. ரம்பை அரம்பை ஆனதும் அப்படித்தான். 'ஆள் அரவம் இல்லை' என்று இன்றும் சொல்கிறோம். பாம்பைக் குறிக்கும் அரவம் வேறு சொல், அரவு என்பதன் மறுவடிவம்.

அமலைதான் இதில் கவனமாகப் பார்க்க வேண்டியது. அமல்தல் என்றால் நெருங்குதல், செறிதல். செறிந்த சோற்றுத் திரளுக்கும் அமலை என்று பெயர், செறிந்து எழும் ஆரவாரத்துக்கும் அமலை என்று பெயர். இந்தப் பாட்டில் ஐயமே இல்லை, ஆரவாரம்தான். ஆனால் நாட்டுப்படலத்திலேயே 'முந்து முக்கனியின்' என்று தொடங்கும் விருந்துப் பாட்டு 'அமுத உண்டி அயில்உறும் அமலைத்து எங்கும்' என்று முடிகிறது. முக்கனி, பருப்பு, நெய், தயிர், சோறு என்று வரிசையாக வந்த பிறகு அமலை என்றதும் சோற்றுத்திரள் என்று எழுதத் தோன்றும். அங்கேயும் பொருள் ஆரவாரமே: வீடுதோறும் உண்ணும் சந்தடி எங்கும் நிறைந்தது. சோற்றையும் நினைவுபடுத்துகிற சொல்லைக் கம்பன் வேண்டுமென்றே அங்கே வைத்திருக்கிறான் என்று சொல்லலாம். ஆனால் முதற்பொருளாக அதை எழுதக் கூடாது.

அதே விருந்துப் பாட்டில் வரும் 'முதிரை' பருப்பு வகை. 'செந்தயிர்க் கண்டம், கண்டம்' என்பதில் முதல் கண்டம் தயிர்க்கட்டி, இரண்டாவது கண்டசர்க்கரை.

ஆலை என்றால் கரும்பு பிழியும் பொறி. பஞ்சாலை, தோல் ஆலை என்று தொழிற்சாலைக்கெல்லாம் பொதுவாகச் சொல்வது பின்னால் வந்த வழக்கு. அச்சுவெல்லம் காய்ச்சும் பாபநாசம், வீரமாங்குடிப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 'வேலைச் சங்கு' என்பதில் வேலை கடல். பணி என்ற பொருளை இங்கே கொண்டுவந்தால் சங்கு ஊதி வேலைக்கு அழைத்தார்கள் என்று கதை கட்ட வேண்டியிருக்கும். கட்டியும் இருக்கிறார்கள்!

அதே பாட்டில் 'மருத வேலி' என்பதில் வேலி, நில அளவையா?

இல்லை. மருத நிலத்தின் எல்லைக்குட்பட்ட பகுதி என்ற பொருளில் வருகிறது. வேலி என்றால் சூழ்ந்திருப்பது, காப்பது. அதிலிருந்து வேலியிட்ட நிலத்துக்கு ஆகி, சோழநாட்டில் அது ஓர் அளவையாகவும் நிலைத்தது. ஒன்பத்துவேலி என்று ஊருக்கே பெயர் இருக்கிறது.

அளவைக் கணக்கையும் பலர் கேட்பதால் சொல்லிவிடுகிறோம். 12 அடிக்கு 12 அடி, அதாவது 144 சதுர அடி, ஒரு குழி. 100 குழி ஒரு மா. அது ஏறக்குறைய 33 சென்ட், மூன்று மா சேர்ந்தால் ஓர் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. 20 மா ஒரு வேலி, அதாவது சுமார் 6.6 ஏக்கர். மா என்ற பெயரே பின்னக் கணக்கிலிருந்து வந்தது: பழைய தமிழ் எண்முறையில் மா என்றால் இருபதில் ஒரு பங்கு. வேலியில் இருபதில் ஒரு பங்கு என்பதால் அந்த நிலம் மா ஆயிற்று. குழியின் அளவு ஊருக்கு ஊர் வேறுபட்டதும் உண்டு, பழைய பத்திரங்களைப் படிக்கும்போது அளவுகோல் எத்தனை அடி என்று முதலில் பார்க்க வேண்டும்.

அறுவடைப் பாட்டில் 'போத்தின் கொல்வார்', 'கொன்ற நெல்' என்று வருகிறதே, நெல்லைக் கொல்வது என்றால் என்ன?

எறிதரும் அரியின் சும்மை எடுத்து வான் இட்ட போர்கள்
குறிகொளும் போத்தின் கொல்வார். கொன்ற நெல் குவைகள் செய்வார்

வேலை நடக்கும் வரிசையிலேயே பாட்டு போகிறது. கருக்கரிவாளால் அறுத்து, கைப்பிடி கைப்பிடியாகத் தாளின்மேல் போடுவது அரி. அரிதல் என்றால் அறுத்தல், அரிவாளில் இருக்கும் அதே அரி. அரி காய்ந்ததும் கட்டாகக் கட்டித் தலைச்சுமையாகக் களத்துக்குப் போகும். 'சும்மை' என்பது சுமைதான், செய்யுளில் மகரம் இரட்டித்தது. களத்தில் அடுக்கிய குவியல் போர். அந்தப் போரைப் பிரித்துப் பரப்பி, மாட்டை வட்டமாக ஓட்டி மிதிக்க வைத்தால் நெல் உதிரும். அதுதான் போரடித்தல்.

போத்து என்பது எருமை முதலியவற்றின் ஆண். தொல்காப்பிய மரபியலிலேயே ஆண்பாற் பெயர்களில் போத்து இருக்கிறது. 'போத்தின்' என்பதில் உள்ள 'இன்' இங்கே 'ஆல்' என்ற பொருளில் வருகிறது: போத்தினால். இனி 'கொல்வார்' என்பதற்கு வருவோம். போர் என்றால் சண்டையும் ஆகும் அல்லவா? போர் என்ற சொல் கையில் கிடைத்ததும் அடுத்த சொல்லாகக் கொலையை வைத்துவிட்டான். பொருள் மிதித்துத் துவைப்பது, ஓசையில் போர்க்களம். இரண்டையும் சேர்த்து ஒரு வரியில் எழுதினால் போதும், இதற்கு மேல் தத்துவம் தேட வேண்டாம்.

அடுத்த அடிகளில் வரும் 'பண்டி' வண்டி. கன்னடத்திலும் தெலுங்கிலும் வண்டிக்குப் 'பண்டி' என்றே பெயர். 'மண் நெளிய ஊர்வார்' என்பதில் நெளிதல் வண்டிப் பாரத்தால் ஈரமண் அமுங்கிப் பிதுங்குவது. மார்கழி, தையில் களத்துமேட்டுப் பாதையில் நெல் வண்டி போன தடத்தைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும்.

அறுவடை இயந்திரம் வந்தபின் அரி, கட்டு, போர் என்ற மூன்றும் ஒரே தலைமுறையில் பேச்சிலிருந்து விலகிக்கொண்டிருக்கின்றன. இருபது வயதுக்காரர்களுக்குப் போர் என்றால் வைக்கோல்போர் மட்டும்தான்.

'பச்சைத் தேரை தாலாட்டும் பண்ணை' பாட்டில் என்ன நடக்கிறது?

அன்னம் தன் குஞ்சைத் தாமரைப் படுக்கையில் விட்டுவிட்டுத் திரிகிறது. சேற்றில் கால் புதைந்த எருமை தன் கன்றை நினைத்துக் கனைக்கிறது. நினைத்த அளவிலே பால் சொரிகிறது. அந்தப் பாலைக் குடித்துவிட்டு அன்னக்குஞ்சு தூங்குகிறது, பச்சைத் தேரை தாலாட்டுப் பாடுகிறது.

பண்ணை இங்கே வயல். பண்ணையார், கோழிப்பண்ணை எல்லாம் பின்னால் விரிந்தவை. 'கால் உண்ட சேற்று மேதி' என்றால் காலை விழுங்கிய சேற்றில் நிற்கும் எருமை. 'உள்ளி' என்றால் நினைத்து, வெங்காயம் இல்லை. 'கனைத்தல்' இன்று குதிரைக்கு என்று ஆகிவிட்டது, பழைய வழக்கில் எருமைக்கும் உண்டு. ஆண்டாள் திருப்பாவையில் 'கனைத்து இளங்கற்று எருமை' என்று பாடியிருப்பதை நினைத்துக்கொள்ளலாம். 'சோர்ந்த பால்' தானாக வழிந்த பால், சோர்வு என்னும் களைப்போடு சேர்க்கக் கூடாது. 'மழலைப் பிள்ளை' என்பதில் பிள்ளை பறவைக் குஞ்சு. கிளிப்பிள்ளை, அணிற்பிள்ளை, தென்னம்பிள்ளை என்று சொல்லும் ஊரில் இதற்கு உரை தேவையில்லை.

'மருதம் வீற்றிருக்கும் மாதோ' என்பதில் மாது யார்?

யாரும் இல்லை. மாதோ என்பது அசைச்சொல், பொருள் இல்லாமல் அடியை நிறைக்க வருவது. 'அன்றே', 'அரோ' ஆகியவையும் அடியின் கடைசியில் பெரும்பாலும் இப்படித்தான் வரும். மேடையில் 'பெண்ணே!' என்று விளித்துப் பொருள் சொல்பவர்கள் உண்டு, கேட்க நன்றாக இருக்கும், பொருள் தவறு.

அந்தப் பாட்டின் தொடக்கச் சொல்லான 'தண்டலை' சோலை. திருவாரூருக்குப் பக்கத்தில் தண்டலை என்றே ஊர் இருக்கிறது, திருத்துறைப்பூண்டிப் பக்கம் தண்டலைச்சேரி இருக்கிறது. 'கொண்டல்' மேகம், நீரைக் கொண்டது என்ற பொருளில். நாகப்பட்டினம் கரையோரத்தில் கீழ்க்காற்றுக்கும் கொண்டல் என்று பெயர். 'எழினி' திரைச்சீலை.

மள்ளர், கடைசியர் என்ற சொற்களை எப்படி எடுத்துக்கொள்வது?

மள்ளர் என்றால் உழவர். வீரரையும் குறிக்கும், இடம் பார்த்துக் கொள்ள வேண்டும். கடைசியர் மருதநிலத்து உழத்தியர், கடைஞர் என்பதன் பெண்பால். 'கடைசி' என்ற பேச்சுச் சொல்லோடு சேர்த்து 'கடைநிலையில் இருப்பவர்' என்று எழுதுவது பிழை. இன்றைய சாதிப் பெயர்களையும் உரிமைக் கோரிக்கைகளையும் இந்தச் சொற்களின்மேல் ஏற்றிப் பாட்டுக்குப் பொருள் சொல்வதையும் தவிர்ப்பது நல்லது. பாட்டு அதைப் பற்றிப் பேசவில்லை.

தெரியாத சொல் வந்தால் பொருள் கண்டுபிடிக்க என்ன வழி?

முதலில் சீரைச் சொல்லாகப் பிரிக்க வேண்டும். பழைய பதிப்புகளில் 'குரம்பெலாஞ் செம்பொன்' என்று புணர்ந்தே இருக்கும், சந்தி பிரித்த பதிப்பை எடுத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. பிறகு உருபையும் எச்ச விகுதியையும் கழித்து வேரை எடுங்கள்: 'போத்தின்' என்பதைத் தேடக் கூடாது, 'போத்து' என்று தேட வேண்டும். அடுத்து சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி. அதில் வேர்ச்சொல்லும் மேற்கோளும் இருக்கும், இணையத்திலும் தேடலாம். கிடைக்கிற எல்லாப் பொருளையும் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பாட்டில் பொருத்திப் பாருங்கள். அதே படலத்தில் அதே சொல் வேறெங்காவது வந்தால் அதையும் பாருங்கள்.

கடைசியாக, வயல் சம்பந்தப்பட்ட சொல் என்றால் ஊரில் வயதான விவசாயி ஒருவரிடம் கேளுங்கள். 'குரம்பு தெரியுமா ஐயா?' என்று சொல்லைக் காட்டிக் கேட்டால் தெரியாது என்றுவிடுவார். 'ஆத்துல தண்ணி கம்மியா இருந்தா வாய்க்காலுக்கு எப்படி ஏத்துவீங்க?' என்று வேலையைக் கேளுங்கள், சொல் தானாக வரும். அவர் சொன்ன ஒலிப்பிலேயே எழுதிக்கொள்ளுங்கள், திருத்தி எழுதினால் தடயம் போய்விடும்.

பெரும்பாலான தவறுகள் அகராதியின் முதற்பொருளை அப்படியே எடுப்பதால் வருகின்றன. அடுத்த காரணம் பாடபேதம். முடிசூட்டுப் பாட்டில் ஒரு பதிப்பு 'விரை செறி குழலி ஓங்க' என்கிறது, இன்னொன்று 'விரை செறி கமலத்தாள் சேர்' என்கிறது. குழலி என்றால் சீதை. இரண்டாவதில் அவள் அங்கே இல்லை, திருமகள் தங்கும் வெண்ணெயூர், அதாவது கம்பனை ஆதரித்த சடையனின் ஊர், என்று ஆகிவிடும். எந்தப் பதிப்பை வைத்துப் பேசுகிறோம் என்று சொல்லிவிட்டுப் பொருள் எழுதினால் வீண் சண்டை வராது.

சுருக்கமாகச் சில சொற்கள்?

பூசை: பூனை. பாற்கடலை நக்கிக் குடிக்கப் போன பூசை என்று அவையடக்கத்தில் வருவது வழிபாடு இல்லை. பூகவனம்: பாக்குத் தோப்பு. வெண்மை: 'வெண்மை இல்லை, பல் கேள்வி மேவலால்' என்பதில் அறியாமை. மௌலி: மணிமுடி. தாவர சங்கமம்: நிற்பனவும் நடப்பனவும், அதாவது எல்லா உயிரும்.

'கடன்பட்டார் நெஞ்சம் போல் கலங்கினான் இலங்கை வேந்தன்' எந்தப் படலத்தில் வருகிறது?

எந்தப் படலத்திலும் இல்லை, அது கம்பன் வரி இல்லை. சீர்காழி அருணாசலக் கவிராயரின் இராம நாடகத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவது, அங்கே 'கடன் கொண்டார் நெஞ்சம் போலும்' என்று வரும். அவர் 18ஆம் நூற்றாண்டுக்காரர். தேரழுந்தூருக்கும் சீர்காழிக்கும் தூரம் அதிகமில்லை, காலம்தான் அதிகம்.